செல்லாச்சட்டத்தின் கல்யாணம்

சட்டக் கல்லூரியில் அவருக்குச் 'செல்லாச்சட்டம்' என்றுதான் பட்டப்பெயர். நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற சட்டம் எதன் மேலும் அந்த மனுஷனுக்கு அக்கறை கிடையாது. ரத்தான சட்டம், காலாவதியான சட்டம், போட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோன சட்டம், இதுகளைத் தோண்டி எடுத்து, எப்படிப் பிறந்தது, யார் கொன்றது என்று எழுதுவதுதான் பிழைப்பு. சட்ட வரலாற்று ஆய்வாளர் என்று அறைக் கதவில் பலகை தொங்கியது. வீட்டில் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் கடைசிவரை தெரிந்துகொள்ளவே இல்லை.

ஆரம்பத்தில் வக்கீலாகத்தான் கறுப்புக் கோட்டு மாட்டினார். முதல் வழக்கில், வாய்தா எந்தத் தேதிக்கு வேண்டும் என்று நீதிபதி கேட்டதற்கு, வாய்தா கொடுக்கிற வழக்கமே எப்படி வந்தது என்று ஆரம்பித்துவிட்டார் மகானுபாவர். கட்சிக்காரர் மறுநாளே வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார். சீனியர் தோளைத் தட்டி, உனக்கு வாய் சரிப்பட்டு வராது, பேனாதான் சரி என்று அனுப்பிவைத்தார். அப்படித்தான் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவர் நடத்தியது விருப்பப் பாடம். மூன்று பேர் எடுத்தார்கள், அதில் ஒருத்தன் அந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்பதற்காக வந்தவன். ஐயா அசரவில்லை. தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் சட்டங்களைப் பற்றி ஒரு தடிப் புத்தகமே எழுதினார். அதை மேற்கோள் காட்டியவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் அவரே.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. உறவுக்காரர் ஒருவர் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள், தன் அப்பா காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், முடிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சண்டை சச்சரவு இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. அவர் தாளைப் பார்ப்பார், அவள் மாத்திரையைப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்றபின் தற்காலிகச் சட்டங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தார். இத்தனை வருஷத்துக்கு மட்டும் என்று போடுகிற சட்டம், நீட்டிக்காவிட்டால் தானாகச் செத்துப்போகும். ஒருநாள் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களைப் புரட்டும்போது கண்ணில் பட்டது: திருமணப் பதிவுச் சட்டமே ஒரு காலத்தில் தற்காலிகச் சட்டம்தான். அதன் கெடு முடிந்தபோது சட்டசபை கலைந்து கிடந்தது. மறுபடி உயிர் கொடுக்கச் சில வாரம் ஆகிவிட்டது. இது தெரியாத பதிவாளர்கள் பாட்டுக்கு நடுவில் கல்யாணம் பதிந்து தள்ளியிருக்கிறார்கள். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு என்று அவருக்கு உடம்பே புல்லரித்துப்போயிற்று. காப்பகத்தின் படியில் இறங்கும்போதுதான் தன் கல்யாணத் தேதி ஞாபகம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். கண்டதை மறைக்கத் தெரியாத பிறவி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் முதலில் சிரித்தாள். காலாவதியான மருந்தை நான் கொடுத்தால் என் வேலை போய்விடும், உங்கள் ஆட்கள் காலாவதியான சட்டத்தைக் கொடுத்துக் கல்யாணமே பண்ணிவைத்திருக்கிறார்களே என்றாள். அப்புறம் மடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை பையோடு வந்து நின்றாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். கோபமெல்லாம் இல்ல. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்பதான் நான் கட்டுப்பட்டவ இல்லன்னு தெரியுது. கொஞ்சம் யோசிக்கணும். திரும்பி வந்தா நானா வரணும், ஏதாவது ஒரு தாள் இழுத்துட்டு வரக் கூடாது."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். நான் புருஷனா இல்லையா? இல்லை என்றால் இத்தனை வருஷம் யார்? வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். இதைப் போய் ஏன் அம்மாகிட்ட சொன்னீங்க என்று கேட்டாள். உண்மைதானே என்றார். உண்மையை வைத்துக்கொண்டு இனி நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று வைத்துவிட்டாள்.

குழப்பம் வந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் காப்பகம். அங்கே போய்ப் பைத்தியம் பிடித்த மாதிரி தேடினார். கடைசியில் கிடைத்தே விட்டது. எடை, அளவைகள் பற்றிய ஒரு திருத்தச் சட்டத்தின் வாலில், சம்பந்தா சம்பந்தமே இல்லாமல் ஒரு பிரிவு: இடைப்பட்ட நாட்களில் பதிந்த திருமணங்கள் யாவும் செல்லும். இதுவரை யார் கண்ணிலும் படாதது. அவருடைய புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய மகுடம் கிடையாது. நகல் எடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஏறி உட்கார்ந்ததும் மறுபடி குழம்பிவிட்டது. இதைக் காட்டினால் வந்துவிடுவாள். ஆனால் எதற்கு வந்தாள் என்று தெரியாது, அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. காட்டாவிட்டால் வராமலே போய்விடலாம். அவள் இல்லாத வீட்டை அவரால் யோசிக்க முடியவில்லை. இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லையே என்று அந்த நேரம் பார்த்துத்தானா உறைக்க வேண்டும்? குழப்பத்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, வேகாத வெயிலில் திரும்பி நடந்தார்.

கதவைத் திறந்தது அவள்தான். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"தேடாம இருந்திருக்க மாட்டீங்க. ஏதாவது கிடைச்சுதா?"

"இல்லம்மா," என்றார். "எங்கயும் எதுவும் இல்ல. நீ வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஆனா... நீ வந்தா எனக்கு நல்லாருக்கும். வருவியா?"

மடித்த தாளின் முனை சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறைக்கக்கூடத் துப்பில்லாத மனுஷன். அவள் அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல, ஒரு தாள் சொல்றதுக்கு மாறா நீங்க பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமா, சம்மதமா, ஒன்றும் புரியாமல் அவர் வாசலில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில், அக்கா நான் கிளம்புறேன் என்ற குரல் கேட்டது. பையோடு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் கையை நீட்டினாள். தாளை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் நிதானமாக அடிவரைக்கும் படித்து, மடித்து அவர் பையிலேயே வைத்தாள்.

"புத்தகத்துல தாராளமா எழுதுங்க, பாவம், எத்தனை பேருக்குத் தேவைப்படுமோ. ஆனா உங்களுக்கு என்னைக்குக் கல்யாணம் ஆச்சுன்னு யாராவது கேட்டா, இன்னைக்குன்னு சொல்லுங்க."

எந்தச் சட்டப்படி என்று கேட்க வாயெடுத்தவர், அவள் பார்த்த பார்வையில் சட்டென்று மூடிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.