பின்னால் போகச் சொன்ன கை

அவருக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்து பல்லைக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் வரும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சீப்பை இழுத்து அறுக்கிறவர்களைப் பார்த்தால் வரும். "கொஞ்சம் கலரா தெரியற மாதிரி எடுங்க" என்று கேட்டுவிட்டால் இரட்டிப்பாக வரும். கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருக்கு 'பிளாஷ்' என்று பட்டம். தொழிலை வைத்து வந்த பட்டம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு தடவை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும்.

இருந்தாலும் கல்யாணம் என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எடுத்த படத்தில் யார் தலையும் பாதியில் வெட்டுப்பட்டதில்லை, யாரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றதில்லை. மண்டபத்தில் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும்போது தொண்டை கிழியக் கத்தி என்ன பயன்? அதனால் அவருடைய உத்தரவெல்லாம் கையிலேயே நடந்தது. உள்ளங்கையைக் காட்டி முன்னால் தள்ளினால், பின்னால் போங்கள். விரல்களைக் குவித்து இழுத்தால், நெருங்கி நில்லுங்கள். தலையை ஆட்டினால், சிரிப்பு போதவில்லை. இத்தனை வருஷத்தில் ஊரே இந்தப் பாஷையை மனப்பாடம் செய்துவிட்டது. அவர் கையைத் தூக்கினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு லென்ஸைப் பார்க்கும் என்று அவருடைய மனைவி கேலி செய்வாள்.

மனிதர்களிடம் பட்ட எரிச்சலை ஆற்றிக்கொள்ள அவர் கடற்கரைக்குப் போவார். குளிக்கிற கடற்கரை அல்ல. கறுப்புப் பாறைகள் செங்குத்தாக இறங்கும் கரை. காலையில் வெயில் கரைப்பக்கத்திலிருந்து வருவதால் பாறைகளின் நிழல் தண்ணீரில் நீளமாகக் கிடக்கும், அலை மட்டும் தூரத்தில் வெளுத்துத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அந்த நேரத்தில் படம் எடுக்கிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். சாயங்காலம்தான் விசேஷம். மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று கிழிந்து வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழுந்தால், பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அடுத்த நொடி மேகம் மூடிவிடும். அவர் மேகத்தையும் விட்டு வைக்கவில்லை, நின்று திட்டுவார்.

அங்கே கடல் மட்டத்தில் தட்டுப்பாறை என்று ஒன்று உண்டு. மேடை போல அகலமானது, இரண்டு பக்கமும் பாறைச் சுவர். சற்றுத் தள்ளிக் கடலுக்குள் ஆமை முதுகு மாதிரி இன்னொரு பாறை. அந்த ஆமை முதுகு தண்ணீருக்குள் முழுகினால் பெரிய அலை வருகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அந்த அலை தட்டுப்பாறையை வழித்துத் துடைத்துவிட்டுப் போகும். மற்ற நேரத்தில் பார்த்தால் குழந்தையைக்கூட உட்கார வைக்கலாம் என்று தோன்றும்.

அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அந்த இடத்தில் எடுத்ததுதான். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, நிமிஷக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார். அப்படி எடுத்தால் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கரைந்து, கடல் வெறும் பனிமூட்டமாகப் படத்தில் இறங்கும். கறுப்புப் பாறை, அதைச் சுற்றிப் பால் போலக் கடல், மேலே செம்பு நிறத்தில் வானம். ஒரு கோடுகூட அவர் திருத்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

மனைவியின் தம்பி, அதாவது அவருடைய மச்சினன், நெடுஞ்சாலை வளைவில் புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தான். படத்தைக் கேட்டான். இவரும் தலைகால் புரியாத பெருமையில் தூக்கிக் கொடுத்தார். மச்சினன் அதை வீட்டளவுக்குப் பெரிதாக்கி, 'கடல் தூங்கும் இடம்' என்று எழுதி, சாலையோரம் பிளெக்ஸ் போர்டு கட்டிவிட்டான். முதல் வாரம் அவர் வேலை இல்லாவிட்டாலும் அந்த வழியாகவே போய் வந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், தோளில் துண்டு போட்ட ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு தட்டுப்பாறைக்கு இறங்கிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். ஓடிப்போய் வழிமறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். குளிக்கத்தான், இங்கே கடல் தூங்கும் என்று போர்டில் பார்த்தோமே என்றார் அந்த மனிதர், ரொம்ப மரியாதையாக. அவருக்கு வந்த பயம் வழக்கம்போலக் கோபமாகத்தான் வெளியே வந்தது. பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகளையெல்லாம் சொல்லி அந்தக் குடும்பத்தை மேலே விரட்டினார். அவர்கள் நேரே லாட்ஜுக்குப் போய்ப் புகார் செய்தார்கள்.

மச்சினனுக்கும் அவருக்கும் அன்றைக்குத் தொடங்கியது சண்டை. போர்டை இறக்கு, அந்த இடம் ஆளை விழுங்கும் என்று இவர் குதித்தார். மச்சினன் லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், அது உங்க படம்தானே? நான் ஒண்ணும் வரைஞ்சு வைக்கலையே. கடல் அப்படி இருந்ததால தானே அப்படி விழுந்திருக்கு?"

அவர் ஷட்டரைப் பற்றி, கறுப்புக் கண்ணாடியைப் பற்றி விளக்கினார். மச்சினன் கொட்டாவி விட்டான். படத்தில் பொய் இல்லை, ஆனால் படம் பொய் சொல்கிறது. இதை எந்த வாயால் எப்படிச் சொல்வது? அவருக்கு மச்சினன் மேல் கோபம், துண்டு போட்டவர் மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் கையால் எடுத்த அந்தப் படத்தின் மேல் கோபம். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மனைவியிடம் கத்தினார். மச்சினனும் போன் போட்டு அவளிடமே கத்தினான்.

"எடுத்தது நீங்க, மாட்டினது அவன். ரெண்டு பேரும் எதுக்கு என் உயிரை வாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. அதே இடத்தை, அதே கோணத்தில், அலை எழும்பி நிற்கிற நொடியில் எடுப்பது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், ஷட்டர் கண் சிமிட்டுவதற்குள் மூடட்டும். பார்க்கிறவனுக்குக் குலை நடுங்க வேண்டும். அந்தப் படத்தைக் கொண்டுபோய் மச்சினன் மூஞ்சிக்கு நேரே நீட்டி, தைரியம் இருந்தால் இதை மாட்டு என்று சொல்ல வேண்டும். அதற்குப் பக்கவாட்டு வெளிச்சமும் பெரிய அலையும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று வந்தால் மற்றது வராது. சாயங்காலம் தவறாமல், தட்டுப்பாறைக்கு மேலே கரையில் உயர்ந்து நிற்கும் மேட்டுப்பாறையில் கேமரா முக்காலியை ஊன்றி, வானத்தையும் கடலையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு நாள் எல்லாம் கூடி வந்தது. மழை விட்டு மேகம் அடியில் கிழிந்திருந்தது. வெளிச்சம் பாறைகளின் மேல் ஏறத் தொடங்கியது. அவர் கேமராவுக்குள் கண்ணை வைத்தபோது, கட்டத்துக்குள் இரண்டு பேர் நடந்து வந்தார்கள்.

மச்சினனின் மகளும் அவள் கட்டிக்கொண்ட பையனும். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, இவர்தான் படம் எடுத்தார். செருப்பைப் பாறை ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டுக் கை கோத்துக்கொண்டு தட்டுப்பாறையின் நடுவில் நின்றார்கள்.

அவர் கத்தினார். கடல் இரைச்சலில் அவருக்கே தன் குரல் கேட்கவில்லை. இறங்கி ஓடலாம் என்றால் பாதை சுற்றிக்கொண்டு போகும். மேலேறிப் போங்கள், அங்கே நிற்காதீர்கள் என்று உள்ளங்கையை முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

அவள் திரும்பினாள். மேலே மாமா, முன்னால் கேமரா. முகம் மலர்ந்துவிட்டது. புருஷனை இழுத்து இவர் பக்கம் திருப்பினாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, அவருடைய கை சொன்னபடியே, இருவரும் ஒழுங்காகப் பின்னால் நகர்ந்தார்கள். பின்னால் கடல்.

அவர், இங்கே வாருங்கள் என்று விரல்களைக் குவித்து இழுத்தார். இருவரும் இன்னும் நெருங்கி நின்றார்கள். பையன் அவள் தோளில் கை போட்டான். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். அவர் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

கடலுக்குள் ஆமை முதுகு முழுகியது.

அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. முக்காலியை ஓங்கி ஓர் உதை விட்டார். கேமராவோடு அது மேட்டுப்பாறையிலிருந்து உருண்டு, ஒவ்வொரு மூலையிலும் மோதிச் சிதறிக்கொண்டு, தட்டுப்பாறைக்கு மேலே இருந்த கரைப்பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் கேமரா அவருக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். இருவரும் எல்லாவற்றையும் மறந்து அதை நோக்கி மேலே ஓடி வந்தார்கள். அவர்கள் பள்ளத்தை எட்டியபோது, பின்னால் தட்டுப்பாறை முழுக்க வெள்ளையாகி, அலை சுவரில் அடித்து மேலே எழுந்து விழுந்தது. தண்ணீர் வடிந்தபோது அங்கே செருப்புகள் இல்லை.

அவர் நினைத்திருந்த வெளிச்சத்தில், நினைத்திருந்த அலை. அதை எடுக்கக் கேமரா இல்லை.

சுற்றிக்கொண்டு கீழே வந்ததும் அவர் தொண்டை அடைக்கும்வரை கத்தினார். அறிவு இருக்கிறதா, கண் இருக்கிறதா, உங்களைப் பெற்றவர்களைச் சொல்ல வேண்டும் என்றார். பையன் உடைந்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, போர்டில் கடல் அமைதியாகத்தானே இருந்தது என்று முணுமுணுத்தான். அவள் அழுதுகொண்டே சொன்னாள்:

"நீங்கதானே மாமா பின்னாடி போகச் சொன்னீங்க?"

அவர் பையன் கையிலிருந்த லென்ஸை வாங்கிக்கொண்டார். ஆத்திரம் மட்டும் போகவில்லை. அது திரும்பி அவர் நெஞ்சுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

லாட்ஜில் மச்சினன் தன் மகளை அணைத்துக்கொண்டான். பிறகு இவர் கையைப் பிடித்து, கேமரா போனால் போகட்டும் அத்தான், அதைவிட நல்லதாக வாங்கித் தருகிறேன் என்றான். கேமரா வேண்டாம், போர்டை இறக்கு என்றார் இவர். மச்சினன் தலையைச் சொறிந்தான். இறக்குவானேன், ஓரத்தில் சின்னதாக 'எச்சரிக்கை' என்று எழுதிவிடலாமே என்றான். இவர் நரம்பு புடைக்க எழுந்தார்.

அதற்குள் செய்தி கேட்டு அவருடைய மனைவி வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று, அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஏணி எங்கடா இருக்கு?"

அவனே போய் ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டான். இவர் ஏறி, ஒவ்வொரு கயிறாகப் பிளேடால் அறுத்தார். அவருடைய வாழ்நாளின் நல்ல படம் சரசரவென்று மடிந்து சாலையோரத்தில் விழுந்தது. இப்போது லாட்ஜின் ஜெனரேட்டரை மழையில் மூடி வைக்க அதைத்தான் போடுகிறார்கள், படம் உள்பக்கமாக.

இரவல் கேமராவோடு அடுத்த கல்யாணத்துக்குப் போனார். மேடையில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள், ஓரத்தில் இருந்தவர்கள் கட்டத்துக்குள் வரவில்லை. பழக்கத்தில் கை எழுந்தது. பாதியில் அதைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். படத்துக்குள் எல்லோரும் வரும்வரை அவரே பின்னால் நடந்தார், நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, யார் காலையோ மிதித்து ஏச்சு வாங்கிக்கொண்டு.

மாப்பிள்ளையின் பெரியப்பா உதவி செய்கிற நினைப்பில், நாங்கள் கொஞ்சம் பின்னால் போகட்டுமா என்று கேட்டு ஒரு காலைத் தூக்கினார்.

பாட்டுச் சத்தத்தையும் மீறி மண்டபம் முழுக்க அவர் குரல் கேட்டது.

"யாரும் பின்னாடி போகாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. நான் போறேன்."