கம்பளத்துக்கு அடியில்

தொண்ணூறுகளின் கடைசி. மந்தைவெளியில் ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். அதுவரை கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. தொழிற்கண்காட்சிகளைப் படம்பிடித்து இன்டர்நெட்டில் போட்டால், வெளிநாட்டுக்காரன்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே இயந்திரங்களைப் பார்ப்பான் என்றார். அன்றைக்கு இன்டர்நெட்டில் படம் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். அதுவும் டெலிபோன் லைன் மனம் வைத்தால். ஆனாலும் அச்சு இயந்திரக் கண்காட்சி ஒன்றை நடத்துகிறவர் சம்மதித்துவிட்டார்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய மண்டபம். கேமராக்காரர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பது என் வேலை.

மூலையில் இருந்த ஸ்டாலுக்குப் போனதும் காதுக்குள் ஓர் இரைச்சல் கேட்டது. பேட்டி கொடுத்தவரின் குரலுக்கு அடியில், விடாமல் ரீங்கரித்தது.

"மைக்கு ஒயரா இருக்கும்மா, மாத்து" என்றார் அண்ணன்.

மாற்றினேன். போகவில்லை. ஸ்டாலின் பின்னால் நிறுத்தியிருந்த தட்டி மறைப்பை நெருங்க நெருங்க இரைச்சல் கூடியது. செருப்பைக் கழற்றிக் கம்பளத்தின்மேல் கால் வைத்தேன். வெயிலில் கிடந்த தரை போலச் சுட்டது. அந்த மண்டபத்தில் வெயில் விழ வழியே இல்லை.

அமைப்பாளரிடம் ஓடினேன். வாசலில் பூச்செண்டோடு நின்றிருந்தார்.

"சார், அந்த மூலையில கம்பளம் சுடுது. கீழ ஒயர் போகுது போல."

"எக்ஸிபிஷன்னா ஒயர் சூடாத்தாம்மா இருக்கும். சீஃப் கெஸ்ட் வர்ற நேரம். அவர் போனப்புறம் எலக்ட்ரீஷியன அனுப்புறேன்."

திரும்பி வந்தபோது அந்த ஸ்டாலில் கூட்டம் சேர்ந்திருந்தது. கல்லூரி மாணவர்கள், ஒரு கைக்குழந்தையோடு தம்பதி. மை வாடை எல்லாவற்றையும் அமுக்கியிருந்ததால் இன்னொரு வாடையை யாரும் கவனிக்கவில்லை. குனிந்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை தெரிந்தது. சொன்னால் கூட்டம் மிரண்டு ஒருவரை ஒருவர் மிதிக்கும், சொல்லாவிட்டால்?

"இன்னாமா, மூஞ்சி இப்டி கீது?" என்றார் அண்ணன். நான் கீழே காட்டினேன். அவர் உள்ளங்கையைக் கம்பளத்தில் வைத்து, உடனே எடுத்தார். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்தின் பின்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"எல்லாரும் மிஷின்லேர்ந்து கைய எடுங்க!" என்று அங்கிருந்து அண்ணன் சத்தம் போட்டார். அடுத்த நொடி மண்டபம் இருண்டது.

இயந்திரங்களின் சத்தம் தேய்ந்து ஓய்ந்தது. குழந்தை வீறிட்டது. அமைப்பாளர் இருட்டில் கத்திக்கொண்டே வந்தார். நான் கேமராவின் பேட்டரி விளக்கைப் போட்டேன். அண்ணனும் இரண்டு ஸ்டால்காரர்களும் கம்பளத்தைச் சுருட்டினார்கள். ஒயர்கள் எல்லாம் உருகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. தட்டியின் உட்பக்கம் கரிந்திருந்தது. விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. குழந்தையின் அப்பா தட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மனைவியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனார்.

அமைப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "கேமரா ஓடுதா? ஆஃப் பண்ணும்மா."

மறுநாள் புது ஒயர் இழுத்துக் கண்காட்சி நடந்தது. எங்கள் வீடியோவும் இன்டர்நெட்டில் ஏறியது. அந்த மூலை ஸ்டாலின் பேட்டியிலிருந்து இரைச்சலை முதலாளி முடிந்தவரை வடிகட்டியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் விலை கேட்டு எழுதினார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த வருஷமும் எங்களையே கூப்பிட்டார்கள். அதே மண்டபம், ஒயர் இழுப்பதும் அதே கான்ட்ராக்டர் என்று தெரிந்ததும் நான் வரமாட்டேன் என்றேன். அண்ணன் வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். கண்காட்சி நடந்த மூன்று நாளும் தீயணைப்பு வண்டி மணி எங்கே கேட்டாலும் நான் ஜன்னலுக்குப் போனேன்.

ஒன்றும் ஆகாமல் அண்ணன் திரும்பி வந்தார். எடுத்த டேப்பைப் போட்டுப் பார்த்தோம். நல்ல கேமராக்காரர் அவர். ஆனால் ஒவ்வொரு பேட்டியிலும் படம் பேசுகிறவரின் முகத்தை விட்டு நழுவித் தரைக்குப் போய்க்கொண்டே இருந்தது.