செடிக்கு வைத்த சாணி

போன வாரம் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பந்திக்கு இலை போடும் நேரத்தில் போன். நாங்கள் குடியிருக்கும் கணபதியில் பக்கத்து வீட்டு சரசு அக்கா. செடிக்குக் காவல் வைத்துவிட்டு வந்தது அவரைத்தான்.

"ஏனுங் தம்பி, உங்க செடி வாடுனாப்புல இருந்துச்சுங்க. மனசு கேக்கல. சாணி வெச்சுபோட்டனுங்க..."

அதற்கு மேல் நான் எங்கே கேட்டேன்? "போச்சுங்கக்கா" என்று போனை வைத்துவிட்டேன்.

வேறு செடி என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். இது இலையையே வாயாக மூடிப் பூச்சி தின்னும் வீனஸ் ஃப்ளைட்ராப். சதுப்பு நிலத்துச் செடி. மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில், சத்தே இல்லாத மண்ணில், மழைத்தண்ணீரில் நிற்கிறது. ருசிக்குப் பேர்போன சிறுவாணிக் குழாய்த் தண்ணீரையே வேண்டாம் என்கிற திமிர் பிடித்த ஜென்மம். உரம் பட்டால் வேர் கருகிவிடும். என் மகள் மூன்று வருஷம் வளர்த்தது. மேல்படிப்புக்கு வெளிநாடு போகும்போது என்னை நம்பி விட்டுப்போனாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்?

சாப்பிடாமலே கிளம்பினேன். எங்கள் பக்கம் பந்தியில் உட்காராமல் போனால் ஆயுசுக்கும் பேச்சு. இருக்கட்டும். பஸ் முழுக்க அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன் — மனதுக்குள்தான். காடு தோட்டம் பார்த்த கை, எதைப் பார்த்தாலும் எருப் போடத்தானே போகும்?

மாடி ஏறினால்... டப்பு மண்ணில் சாணியே இல்லை. செடி பச்சையாக நின்றது. ஒரு முழம் தள்ளி ஒரு கொட்டாங்குச்சியில் சாணி. அதைச் சுற்றி ஈ. பின்னாலேயே அக்காவும் மாடி ஏறி வந்தார்.

"மண்ணுல போடலீங்களாக்கா?"

"போடக்கூடாதுன்னு நீங்கதானுங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. ஈ திங்கற செடிக்கு நான் எங்கீங்க போயி ஈ புடிக்கறது? சாணி வெச்சா அதுவா வருது. காலைல இருந்து நாலு வாய் மூடிருச்சு பாருங்க. இதச் சொல்லத்தான் போன் பண்ணுனேன். அதுக்குள்ள வெச்சுபோட்டீங்க."

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது. அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டேன்.

யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. உதவி கேட்க வாய் வருகிறது. உதவியவர் பேசினால் முழுசாகக் கேட்கக் காது இல்லையே, ஏன்?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகளிடம் எல்லாம் சொன்னேன். செடியைப் பார்த்தாள். கொட்டாங்குச்சியைப் பார்த்தாள்.

"அப்பா... இனி நீங்க ஊர்ல இருந்தாலும் சரசு பெரியம்மாவே பாத்துக்கட்டுமுங்க."