மடிப்பு மாஸ்டர் தைத்த பாய்

துணியில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், தையல் மாஸ்டருக்குக் கை தானாகப் போய்விடும். பேருந்தில் முன்பின் தெரியாத ஆளின் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷன். அதனால்தான் 'மடிப்பு மாஸ்டர்' என்ற பெயர். மனைவியின் மூச்சு நின்ற மறுநிமிடம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலின் விரிப்பை நீவிவிட்டுக்கொண்டுதான் நின்றார். அழுகை அப்புறம்தான் வந்தது.

அந்தச் சாவோடு மகன்கள் இருவரும் தங்களுக்குள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா தேறிவிடுவாள் என்று நம்பி, பெரியவன் தம்பிக்குத் தகவல் சொல்லாமல் இருந்துவிட்டான். வெளியூரிலிருந்து சின்னவன் அடித்துப் பிடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மாஸ்டர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் மச்சானின் பழைய பாய்மரப் படகை நம்பினார். பிள்ளைகளின் சின்ன வயதில் குடும்பமே அதில் ஏறி எதிர்த் தீவுக்குப் போய்வரும். படகில் ஏறிவிட்டால் எவனும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது அல்லவா? சின்னவன் போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தான்: "உங்களுக்காக ஒரே ஒரு தடவை வரேன்ப்பா. அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

கிளம்புகிற காலையில் எல்லாமே காலை வாரியது. சுக்கானைப் பிடித்திருந்த ஆணி தொட்டதும் துருவாக உதிர்ந்தது. வேறு ஆணி தேடி மாட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. படகில் துணைக்கு மாட்டியிருந்த மோட்டார் இருமியது, புகைந்தது, ஒரேயடியாகப் படுத்துவிட்டது. படகுத்துறையின் ஒரு கோடியில் பெரியவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். மறுகோடியில் சின்னவன், பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். மாஸ்டரின் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை.

"மோட்டார் கெடக்குது, விடு மாப்ளே. காத்து நல்லா இருக்கு. பாயை ஏத்திட்டா போயிடலாம்" என்றார் மச்சான்.

பாய் ஏறியது. படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, காற்றைப் பிடிக்கவில்லை. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டும் படகு கரையை விட்டு அசையவில்லை.

மச்சான் அண்ணாந்து பார்த்தார். "பாயை என்ன பண்ணே?"

"தொளதொளன்னு இருந்துச்சு மச்சான். நேத்து நல்லாப் பிடிச்சுத் தச்சேன்."

"அது தொளதொளப்பு இல்ல மாப்ளே. அதுதான் பாயோட வயிறு. காத்து அதுலதான் உக்காரும். நீ சட்டை முதுகு மாதிரி தட்டையாக்கி வச்சிருக்கே."

மாஸ்டர் பாயை அண்ணாந்து பார்த்தார். ஆணி, மோட்டார் என்று யார் தலையிலாவது பழியைப் போடலாம் என்றிருந்தார். கடைசியில் கெடுத்தது அவருடைய கைதான்.

"நான் கிளம்பறேன்ப்பா" என்றான் சின்னவன்.

"இருடா. பிரிச்சுடறேன். இதோ, இப்ப பிரிச்சுடறேன்." பாயை இறக்கித் துறைப் பலகையில் விரித்தார். காற்று அதைச் சுருட்டிச் சுருட்டி எறிந்தது. "யாராவது பிடிங்கடா" என்று கெஞ்சினார்.

பெரியவன் வந்து ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனை அடித்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் பிளேடும் கையுமாகக் குனிந்தபடி காத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. பை பலகைமேல் விழும் சத்தம் கேட்டது.

மறுமுனை அடங்கியது. மாஸ்டர் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் இழு" என்றான் பெரியவன்.

"இழுத்துட்டுதானே இருக்கேன்" என்றான் சின்னவன்.

அம்மா போனபிறகு இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மாஸ்டர் தலை நிமிராமல் நூலை அறுத்துக்கொண்டே போனார்.

மச்சான் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "காத்து விழுந்துடுச்சு மாப்ளே. இன்னைக்குப் போக முடியாது."

மாஸ்டருக்கும் தெரியும். பிரிக்க வேண்டிய தையலெல்லாம் அப்போதே பிரித்தாகிவிட்டது. முடிந்தது என்று சொன்னால் இரண்டு பேரும் கையை விட்டுவிடுவார்கள்.

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். பாயின் நடுவே இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்திருந்த பழைய, உறுதியான தையலில் பிளேடை வைத்தார். மச்சான் பார்த்தார், வாயைத் திறந்தார், பையன்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"விட்டுடாதீங்கடா" என்றார் மாஸ்டர். "இன்னும் நிறைய இருக்கு."