துகிலுரியும் காட்சியில் நான் எழுதாதவை

பாரதத்தை மேடைக்கும் திரைக்கும் எழுதிப் பிழைக்கிறவனிடம் முடிவு என்னவென்று யாரும் கேட்பதில்லை; நடுவில் என்ன நடக்கும் என்பதோ எழுதுகிறவனுக்கே தெரியாது. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

தீராத துணி

மர்பி டவுனில் ஞாயிறு மத்தியானம் நாடகம். திரௌபதி, பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கும் செல்வி. துச்சாதனன், ஏசி மெக்கானிக் மோகன். பழைய புடவைகளை ஒன்றாகத் தைத்து வைத்துக்கொண்டு, செல்விக்குப் பின்னால் படுதா மறைவில் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் இழுக்க இழுக்க நான் விட வேண்டும்.

பாதியிலேயே கடைசி முனை என் கையைவிட்டுப் போய்விட்டது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தால், மோகன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிகிறவரை இழுத்து, வேர்த்துப்போய் விழுந்தான். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "துணி தீந்துபோச்சுன்னா, அவ்ளோ நேரம் நான் எதைண்ணா இழுத்தேன்?"

குனிந்த சபை

அதே காட்சியை ஆஸ்டின் டவுன் கல்யாண மண்டபம் ஒன்றில் படமாக எடுத்தோம். சபைப் பெரியவர்களாக, கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த தேவராஜும் அவர் கூட்டாளிகளும். "யாரும் தலை நிமிரக் கூடாது" என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

மோகன் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தான். "விடுடா, வலிக்குது!" என்று ஓர் அலறல். அது நான் எழுதிய வசனமில்லை. ஓடிப்போய் நிறுத்தினேன். அவன் கைக்காப்பில் செல்வியின் நிஜ முடி சிக்கியிருந்தது, வெட்டித்தான் எடுத்தோம். நெற்றியோரம் ரத்தம். மோகன் அழுதேவிட்டான்.

சபையில் ஒருவரும் அசையவில்லை. காமிரா நின்ற பிறகும் குனிந்த தலை குனிந்தபடியே. தேவராஜின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் கலங்க நிமிர்ந்தார். "எந்திரிக்கணும்னுதான் இருந்துச்சு தம்பி. காலு வரல."

யார் குரல்?

காயம் ஆறியதும் செல்வி டப்பிங் பேச வந்தாள். அந்த அலறலை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று டைரக்டருக்கு ஆசை. போட்டுக் காட்டினோம். மறுபடியும் போடச் சொன்னாள். ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தாள்.

"எனக்கு அப்போ தொண்டை அடைச்சுப்போச்சு சார். கத்தப் பாத்தேன், சத்தமே வரல."

திரையைப் பார்த்தோம். அலறல் கேட்கும் இடத்தில் அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. அன்று மண்டபத்தில் வேறு பெண்ணே கிடையாது. அழித்துவிடலாம் என்றார் டைரக்டர். செல்விதான் தடுத்தாள். "அழிக்காதீங்க சார். எனக்காகக் கத்துனது அவங்க ஒருத்தங்கதான்."

இதிகாசத்தை நாம் தழுவுவது பெரிய காரியமில்லை, அது நம்மைத் தழுவிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு.