ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அணி

கண்டிப் பக்கத்து மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகளில் நான் இரவல் ஆட்டக்காரன். எந்த ஊர் அணிக்கு ஆள் குறைகிறதோ, அந்த ஊர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டில் நிற்பேன். ஒரு கெச்சை விட்டால் அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிட மாட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு ஊருக்குள் இருக்கிற மரியாதை இது ஒன்றுதான். அதனால் பந்து மேலே எழும்பினால் கண்ணை அதிலிருந்து எடுக்க மாட்டேன்.

அன்று நாவலப்பிட்டிக்காக, மடவளைக்கு எதிராக நின்றேன். போன வாரம் மடவளைக்கு ஆடியபோது, கெச் பிடிக்க நிற்பவனைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எப்படிக் குழப்புவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கடைசி ஓவரில் அவர்களுடைய கெப்டன் தூக்கி அடித்த பந்து நேராக என்னிடம் வந்தது.

“அண்ணே, சப்பாத்து லேஸ் அவுந்து ஈக்கிது,” என்றது முதுகுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே ஒரு மடவளைக் குரல்.

என் பாடத்தை எனக்கேவா என்று குனியாமல் பிடித்தேன். பெருமையில் இரண்டு எட்டு ஓடினேன். லேஸ் உண்மையிலேயே அவிழ்ந்திருந்தது. குப்புற விழுந்தேன், பந்தை மட்டும் விடவில்லை.

அவுட்டான கெப்டன்தான் வந்து தூக்கிவிட்டார். “அடுத்த ஞாயிறு எங்களுக்கு வாங்க. ஒங்கள எதிர்ல வெச்சி வெளாட ஏலா.”

“வர்றேங்க. யாரோட மெட்ச்?”

“திரும்பவும் நாவலப்பிட்டியோடதான்.”