ராட்டினத்துக்குப் பக்கத்தில் பருத்திப்பால்

அடுப்புக்கு முன்னால் அம்மா இருந்தாள். மைக்குக்கு முன்னால் மாமா, அம்மாவின் தம்பி. டம்ளர் கழுவுகிற வாளிக்கு முன்னால் நான். சடுகுடு மைதானத்தைச் சுற்றிப் போடி ஊர்ச் சனம். புளியமரத்தடியில் ஜீப்பு டிரைவர்கள். அந்த ஜீப்புகளில் இறங்கி வந்த ஏலத்தோட்டத்து ஆட்கள். அப்பா மட்டும் இல்லை. மலைப்பாதை ஏறி முடிகிற மெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் அடுப்பு எரிக்கிற வேலை அவருக்கு. பொங்கல் என்று அடுப்பை அணைக்க முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களையும் மேலே வரச் சொல்லி அப்பா ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் காய் எடுக்கப் போனால் ரெண்டு கூலி வரும். நானும் கூடமாட நிற்கலாம். அம்மாவுக்குப் போடியை விட்டுப் போக மனசில்லை. மேலே போனால் என் பள்ளிக்கூடம் நின்றுபோகும்.

"பொங்கல் ஆட்டம் முடியட்டும். பருத்திப்பால் போட்டுப் பாக்கேன். யாவாரம் ஆகலைன்னா நானே சட்டி பானையக் கட்டிக்கிட்டு ஜீப்புல ஏறிருதேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்கு ஜீப்பில் போக ஆசையாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாமா ஆட்டக் கமிட்டியில் இருந்தார். தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம்.

"போடியில கடை போட்டுட்டு ஏலக்கா போடாம பருத்திப்பாலா? ஊரே சிரிக்கும்க்கா" என்றார்.

அம்மா நல்ல காயாக வாங்கி இடித்துக் கை நிறையப் போட்டாள். தெரு முழுக்க மணத்தது.

முதல் நாள் ஆட்டம் கடுமையாக இருந்தது. ஒருத்தரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் முடிந்ததும் டிரைவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "மெட்டு, மெட்டு! வெரசா ஏறு! இருட்டுனா மலையில வளைச்சுத் திருப்ப முடியாது!" சனம் ஓடியது. ஒரு தோட்டத்து அக்கா மட்டும் நின்று டம்ளரை வாங்கினாள். மோந்து பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஐயோ, மதி மதி, போதும். வருசம் பூரா இந்த வாசத்துலதான கெடக்கோம். ஒரு நாள் கீழ எறங்குனா இங்கயுமா?"

அண்டாவில் முக்கால்வாசி அப்படியே நின்றது. நாங்கள் குடித்தோம். அக்கம்பக்கத்து வீடுகளில் குடித்தார்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாடு குடித்தது. எனக்கு வயிறு முட்டிவிட்டது. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல நாள் வந்ததில்லை. அம்மா அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்தாள்.

"சனத்துக்கு ருசி தெரியல" என்றார் மாமா.

மறுநாள் ஏலக்காயை நிறுத்திவிட்டுச் சுக்குத் தட்டிப் போட்டாள். அண்டாவை இறக்கி வைத்து நிமிர்ந்தால், எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒருத்தர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நாலு பெட்டி வைத்த மர ராட்டினம். புருசனும் பொஞ்சாதியும் கையால் சுற்றுகிறது.

"யாரக் கேட்டுய்யா இங்க ஊண்டுற?"

"கமிட்டியக் கேட்டுத்தான் தாயி."

"கமிட்டி எந்தம்பிதான். வர்ற நாலு பேரையும் நீ தூக்கிச் சுத்திட்டா, எங்கிட்ட எவன் வருவான்?"

"சுத்தி எறக்கித்தான் விடுதேன் தாயி. வீட்டுக்குக் கொண்டுபோகல."

அம்மா சிரிக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டாள். மாமா வந்து ராட்டினக்காரருக்கு எதிரே நின்றுகொண்டு, அவரிடம் பேசாமல் மைக்கில் பேசினார். "ராட்டினக்காரர் உடனடியாக ஜீப்பு நிற்கும் பக்கம் செல்லுமாறு கமிட்டி சார்பில் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த மனுசர் தோண்டின குழியை மூடிவிட்டுப் போனார். அம்மாவுக்கு நிம்மதி.

அன்றைக்கும் ஆட்டம் முடிகிறவரை யாரும் வரவில்லை. முடிந்த பிறகு டிரைவர்களின் சத்தத்தையும் காணோம். பார்த்தால், ஒரு டிரைவர் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மற்ற மூன்று பெட்டியிலும் டிரைவர்கள். ஜீப்பை எடுக்க ஆள் இல்லை. மலைக்குப் போகிற சனம் ராட்டினத்தைச் சுற்றி நின்று கைதட்டியது.

"அண்ணே, வளைவு வருது, ஆரன் அடி!"

"பெரேக்கப் போடுண்ணே, பெரேக்கு!"

ஊர்ச் சனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கம் நானும் அம்மாவும் ஒரு நாயும் நின்றோம். அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தாள். பிறகு அண்டாவின் காதில் துணியைச் சுற்றினாள்.

"டேய், மைக்க வச்சுட்டு வந்து ஒரு பக்கம் தூக்கு" என்று மாமாவிடம் சொன்னாள்.

கொதிக்கிற அண்டாவை மைதானத்துக்குக் குறுக்கே தூக்கிப் போனார்கள். நான் வாளியோடு பின்னால் போனேன். ராட்டினக்காரர் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சண்டைக்கா தாயி, யாவாரத்துக்கா?"

"மொதல்ல யாவாரம். மத்தத அப்புறம் வச்சுக்கிருவோம்."

முதல் டிரைவர் இறங்கினார். கால் நிலத்தில் பாவவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு எங்கள் அண்டா பக்கமாகச் சாய்ந்தார். அம்மா ஒரு டம்ளரை நீட்டினாள். "சுக்குப் போட்டது. குடி, கிறுகிறுப்பு நிக்கும்." அவர் குடித்தார். நின்றது. அதற்குப் பிறகு ராட்டினத்தில் இருந்து இறங்கினவர்கள் எல்லாம் நேராக எங்களிடம் வந்தார்கள். ஏறக் காத்திருந்தவர்களும் சும்மா நிற்கிறோமே என்று குடித்தார்கள். ஜீப்பு கிளம்புவதற்குள் அண்டாவின் அடியில் கரண்டி தட்டியது.

ராட்டினம் வந்த சேதி ஜீப்போடு மேலே போய்விட்டது. மறுநாள் வந்த ஜீப்புகளில் ஆம்பளைகள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே முழுக்கப் பொம்பளைகளும் பிள்ளைகளும். அம்மா ரெண்டு அண்டா போட்டாள். ராட்டினக்காரர் பொஞ்சாதிக்கு முதல் டம்ளரைக் காசு வாங்காமல் கொடுத்தாள். போட்ட சண்டைக்கு மன்னிப்பு என்று நினைத்தேன்.

கடைசி நாள் அப்பா வந்தார். யாரையோ அடுப்புக்கு வைத்துவிட்டு, சட்டி பானை கட்டக் கோணிச் சாக்கோடு வந்திருந்தார். என் முன்னால் எச்சில் டம்ளர் குவிந்து கிடந்தது. "டம்ளர், டம்ளர்" என்று அம்மா கத்திக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சாக்கை மடித்துத் தரையில் போட்டார்.

"நகரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து டம்ளர் கழுவினார்.

சாயங்காலம் அவர் மட்டும் ஜீப்பில் ஏறினார். போகும்போது, "பிள்ள படிக்கட்டும்" என்றார். நான் ஜீப்புக்காக அழுதேன். படிப்புக்காக அழுவதாக மாமா ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த பொங்கல் நெருங்கியபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைவீதியில் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். வளையல்காரர், பலூன்காரர், வடை சுடுகிற அக்கா, கரும்புச்சாறு பிழிகிறவர். எல்லோரையும் ஜீப்பு நிற்கிற பக்கம் கடை போடச் சொன்னாள். சுக்குக்காப்பி விற்கிறவரைக்கூடக் கூப்பிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எல்லாரையும் கூப்பிட்டா நம்மகிட்ட யாரும்மா குடிப்பா?"

அம்மா அடுத்த கடைக்கு நடந்தாள். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், "மைதானத்துல எத்தன கடை ஊண்டியிருக்குன்னு எண்ணிட்டு வா. அதுக்குத் தக்கன பருத்திக்கொட்டை ஊறப் போடணும்" என்றாள்.

அவர்கள் கடைக்கும் எங்கள் பருத்திக்கொட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. போய் எண்ணினேன்.

பதினேழு.